பெயர் ஒட்டாத சட்டி

— பின்வாசல் வழியா வந்தா உள்ளே விட்டுடுவேன்னு யார் சொன்னா உங்களுக்கு?

— முன்வாசல் மணியை எத்தனை தடவை அடிக்கிறது, ஆர்டிஸ்? திரையை விலக்கி என்னைப் பார்த்துட்டு மறுபடி இழுத்து மூடிக்கிட்டே.

— பார்த்தேன். யாரோ பெரிய எழுத்தாளரம்மா நிக்கிறாங்க. மாட்டு டாக்டர் வீட்ல அவங்களுக்கு என்ன வேலைன்னு மூடிக்கிட்டேன்.

— இந்த 'நீங்க நாங்க' எல்லாம் வேண்டாமே. வின்னின்னு கூப்பிடு.

— வின்னின்னு ஒருத்தியை எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சோம். அவ போய் நாற்பது வருஷமாச்சு. நீங்க வினிஃப்ரெட் ஸ்ட்ராண்ட். புத்தக அட்டையில கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க.

— அந்தப் படம் எனக்கும் பிடிக்காது. பல்வலிக்காரி மாதிரி இருப்பேன்.

— அது மட்டும் உண்மை.

— சிரிச்சியா இப்போ?

— இருமினேன். கையில என்ன அது, துண்டுல சுத்தி? பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

— அப்புறம் காட்டுறேன். முதல்ல உட்காரச் சொல்லு. ரெண்டு முட்டியும் போச்சு எனக்கு.

— உட்காருங்க. காபி இருக்கு. காலையில போட்டது. உங்க நியூயார்க் நாக்குக்குக் கஷாயம் மாதிரி இருக்கும்.

— குடு. கஷாயம்தான் வேணும் இப்போ. தெரு முழுக்க டிராக்டரா நிக்குதே, அலங்காரம் பண்ணி.

— ஊர்வலம். உங்களுக்குத்தான். அயோவாவுலேயே பெரிய சட்டித் திருவிழா. லாரி மேல அட்டையில ஒரு சட்டி செஞ்சு ஏத்தியிருக்காங்க, மாட்டுத் தொட்டி அளவுக்கு. கேட்டுக்கோங்க, இதே தெருவுலதான் உங்க புத்தகத்தைக் குவிச்சு வெச்சு எரிச்சாங்க. நானும் வேடிக்கை பார்த்துட்டு நின்னேன்.

— நீயும் ஒண்ணு போட்டியா?

— இல்லை. என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதைப் படிச்சு முடிக்கலை அப்போ.

— எரிச்ச ஊர் இப்போ திருவிழா எடுக்குது. எனக்கே புரியலை.

— புரியறதுக்கு என்ன இருக்கு? அந்த வருஷம் சாத்தானோட புத்தகம்னாங்க. பள்ளிக்கூடத்துல தடை, கோர்ட்ல கேசு, சட்டசபையில கூச்சல். அப்புறம் பரிசு வந்துச்சு. சினிமா வந்துச்சு. இந்தப் புத்தகத்தைப் படிச்சுத்தான் நான் எழுத வந்தேன்னு இப்போ பாதி நாடு சொல்லுது. பஸ்ஸு பஸ்ஸா ஆள் வந்து சட்டி வாங்கிட்டுப் போறாங்க. ஊர் மனசு மாறிடுச்சு. பாவம், என் விஷயத்துல மட்டும் மாற மறந்துடுச்சு.

— அதுக்காகத்தான் வந்தேன், ஆர்டிஸ்.

— எதுக்காக? மன்னிப்பு கேட்கவா? வேண்டாம். வயசானா எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்கிற வியாதி வந்துடுது. போன மாசம் லைல் கூட வந்தான். தெரியும்ல லைல்? என்னைக் கட்டிக்கிறதா இருந்தவன். மோதிரம் போட்டு, கேக்குக்குச் சொல்லி, எல்லாம் ஆச்சு. உங்க புத்தகம் வந்த மறு வாரம் அவன் அம்மா வந்து மோதிரத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போனா. சாவு வீட்டுக்குப் பேர் ஒட்டாம சட்டி கொண்டுபோறவ என் பிள்ளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு.

— எனக்கு அது தெரியும்.

— என்ன தெரியும்? மத்ததும் தெரியுமா? இந்த ஊர்ல ஒரு சாவு விழுந்தா முப்பது வீட்லேர்ந்து சட்டி போகும். உருளைக்கிழங்கும் சீஸும், நூடுல்ஸும் கோழியும். அடியில பிளாஸ்திரி ஒட்டி, யார் வீட்டுதுன்னு பேர் எழுதி. துக்கம் முடிஞ்சதும் கழுவித் திருப்பிக் குடுப்பாங்க. என் சட்டி எப்படித் திரும்பி வரும் தெரியுமா? மேல் மூடி கூடத் திறக்காம வரும். ஒரு கரண்டி எடுத்திருக்க மாட்டாங்க. நாலஞ்சு தடவை பார்த்தேன். அப்புறம் கொண்டுபோறதை நிறுத்திட்டேன். கன்னு மாட்டிக்கிட்டா நடுராத்திரியில வந்து கதவைத் தட்டுவாங்க. பசுவோட வயித்துக்குள்ள தோள் வரைக்கும் என் கை போகலாம். அந்தக் கை கிளறின உருளைக்கிழங்கு மட்டும் ஆகாது.

— நான் ஒரு கதை எழுதினேன், ஆர்டிஸ். புருஷன் செத்த வீட்ல பேரில்லாத சட்டி ஒண்ணு மிச்சமாகுது. அந்த விதவை அதைத் தூக்கிக்கிட்டு, புருஷனோட கள்ளக்காதலி யாருன்னு தேடி வீடு வீடா ஏறி இறங்குறா. அவ்வளவுதான். உன் பேரை எழுதலை. ஊர் பேரை எழுதலை.

— பேர் எதுக்கு? சிவப்பு முடின்னு எழுதினீங்களே. ஊர்ல சிவப்புத் தலை யாருக்கு இருந்தது? துக்க வீட்ல மூணு நாளும் கூடவே இருந்தான்னு எழுதினீங்களே. யார் இருந்தா? உங்க அப்பா செத்தப்போ உங்க கட்டில்ல, உங்க போர்வைக்குள்ள, நீங்க அழுது அழுது வாந்தி எடுத்தப்போ தலையைப் பிடிச்சுக்கிட்டு யார் இருந்தா?

— நீ.

— மூணு நாள் வீட்டுப் பக்கமே போகலை நான். எங்க அம்மா தனியா மாட்டையும் பார்த்து, முட்டையையும் பார்த்துக் கஷ்டப்பட்டா. அதுக்கு நல்ல கூலி கிடைச்சுது.

— சிவப்பு ஏன் எழுதினேன்னு சொல்லட்டுமா? நிஜமான ஆளை மறைக்கணும். வயசைக் குறைச்சேன். முடியை மாத்தணும்னு தோணிச்சு. மனசுல முதல்ல வந்த நிறம் அது. சத்தியமா அவ்வளவுதான். உன் பின்னலைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவ நான். உலகத்துல அழகான முடின்னா எனக்கு அதுதான்.

— நல்லா இருக்கு. பிரியத்துலதான் என்னைக் கொன்னீங்க.

— ஆர்டிஸ்...

— டாக்டரம்மா! கதவு திறந்தே இருக்கே, வரலாமா? ஆஹா! ஸ்ட்ராண்ட் அம்மாவும் இங்கேதானா? அருமை, அருமை! ரெண்டு பேரையும் ஒரே சமையல்கட்டுல பார்க்கிறதுக்கு மேயரா இருக்கிற எனக்குக் குடுத்து வெச்சிருக்கு!

— டுவைட், காலைத் துடைச்சுக்கிட்டு வா. தரையை இப்பதான் துடைச்சேன்.

— துடைச்சுட்டேன், துடைச்சுட்டேன். ரெண்டு மணிக்கு வண்டி கிளம்புது. திறந்த கார். முன்னாடி பேண்டு வாத்தியம். பின்சீட்ல நீங்க ரெண்டு பேரும். நாவலை எழுதினவங்களும், நாவலுக்கு... அதாவது... உத்வேகமா இருந்தவங்களும்!

— உத்வேகமா. கேட்டுக்கோங்க எழுத்தாளரம்மா, எனக்குப் புதுப் பேர்.

— அப்புறம், டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். உங்க தலை இப்போ வெள்ளையாயிடுச்சு இல்லையா. வெளியூர்க்காரங்க ஏமாந்துடக் கூடாதுன்னு கமிட்டியில பேசி...

— என்னது இது? செத்த நரி மாதிரி.

— சவரி. சிவப்புச் சவரி. நல்ல உயர்ந்த ரகம்.

— டுவைட். உங்க தாத்தாதானே சர்ச்சு மேடையில நின்னு, என் புத்தகத்துல வர்ற அந்தக் கைமேல கை வெக்கிற காட்சியை வரி விடாம படிச்சுக் காட்டிட்டு, அப்புறம் எரிக்கச் சொன்னார்?

— அது அந்தக் காலம், ஸ்ட்ராண்ட் அம்மா. தாத்தா நல்லாப் படிப்பார்னு சொல்லுவாங்க. சரி, மேடையில நீங்க பேசறப்போ அந்த அசல் சட்டியைத் தூக்கிக் காட்டணும். கண்ணாடிப் பெட்டி ரெடி. வர்றேன், நேரமாச்சு. அருமை, அருமை!

— போயிட்டானா?

— போயிட்டான். இந்தச் சவரியை என்ன பண்றது?

— நாய்க்குப் போடுங்க. இருங்க, நாய் பயந்துக்கும். அங்கேயே வையுங்க. கேட்டுக்கோங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இன்னிக்கு மேடை ஏறுறீங்க. மைக்கு உங்க கையில. ஊர் பூரா உட்கார்ந்திருக்கும். லைல் இருப்பான், பெண்டாட்டியோட. சர்ச்சு சமையல் கூட்டத்துல இன்னும் உயிரோட இருக்கிற அத்தனை கிழவிகளும் இருப்பாங்க. அந்தச் சட்டி யாருதுன்னு சொல்லணும்.

— 'ஆர்டிஸ் இல்லை'ன்னு சொல்றேன். எத்தனை தடவை வேணாலும் சொல்றேன்.

— அதைக் கோர்ட்லயே சொன்னீங்களே, பைபிள் மேல கை வெச்சு! யாரையும் குறிக்கலை, எல்லாம் கற்பனைன்னு. ஊர் என்ன சொல்லிச்சு? பாவம், சிநேகிதியைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு சொல்லிச்சு. இல்லைன்னு சொன்னா போதாது. யாருன்னு சொல்லணும். சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என் சட்டியிலேர்ந்து இந்த ஊர் ஒரு கரண்டி எடுத்துத் தின்னணும்.

— யாருன்னு சொல்ல மாட்டேன்.

— யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?

— தெரியும்.

— உங்க அம்மாவுக்கும் தெரியுமா?

— அம்மாவுக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும்தான். அப்பாவோட ஆபீஸுக்குப் பின்வாசல் வழியா வியாழக்கிழமை தோறும் ஒரு பொம்பளை வந்துட்டுப் போறான்னு யாரோ அவங்க காதுல போட்டிருந்தாங்க. துக்கம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை அந்தச் சட்டியைச் சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் காபி குடிச்சுக்கிட்டு இருக்கிறப்போ தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, 'இது யாருது?'ன்னு கேட்டாங்க. யாரும் வாயைத் திறக்கலை.

— எனக்கு ஞாபகம் இருக்கு. நான் கப்பு கழுவிக்கிட்டு இருந்தேன் உள்ளே. திடீர்னு வெளியே சத்தமே இல்லாம போச்சு.

— அவங்க கண்ணைப் பார்த்தா யார் சொல்லுவா? சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து மேல் அலமாரியில வெச்சாங்க. சாகற வரைக்கும் அங்கேயே இருந்தது. அதுல ஒரு நாளும் எதுவும் சமைக்கலை. என்னோட பேசறதையும் நிறுத்தினாங்க, புத்தகம் வந்த பிறகு. 'நான் மூடி வெச்சதை நீ ஊருக்குப் பரிமாறிட்டே'ன்னாங்க. அப்பா பக்கத்துல தன்னைப் புதைக்க வேண்டாம்னு சொல்லிட்டு, தன் பிறந்த ஊருக்குப் போய்ப் படுத்துக்கிட்டாங்க.

— நீங்க? அப்பா கல்லறைக்குப் போனீங்களா, வந்த இடத்துல?

— இல்லை.

— இத்தனை வருஷத்துல?

— ஒரு தடவை கூட இல்லை. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியும். அதனாலதான். ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டேன், ஆர்டிஸ். ரெண்டு பேருமே நல்லவங்க. வியாழக்கிழமை அரை மணி நேரம் லேட்டா வந்தா போதும். எங்கே போனீங்கன்னு குடைவேன். ரெண்டு பேரும் தாங்க முடியாம போயிட்டாங்க. நல்ல புத்தகம் எழுதிட்டேன்னு உலகம் சொல்லுது. அந்தப் புத்தகத்துக்குள்ளேயே என் வாழ்க்கையும் மாட்டிக்கிச்சு.

— மாடு கூட ஒரு தடவை அடிபட்ட இடத்துக்கு மறுபடி போகாது. நீங்க அங்கேயே குடியிருந்திருக்கீங்க. சரி, சொல்லுங்க. யாரு?

— வேண்டாம் ஆர்டிஸ்.

— செத்துட்டாளா அவ?

— செத்துட்டாங்க.

— அப்போ என்ன? செத்தவளுக்காக உயிரோட இருக்கிறவ எத்தனை நாள் சிலுவை சுமக்கிறது?

— செத்தவங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்க இல்லையா.

— யாரோ ஒருத்தியோட பிள்ளைக்கு வலிக்கும்னு நீங்க வாயை மூடிக்கிட்டீங்க. எனக்கு வலிக்கும்னு ஒரு நாள் தோணலையா? நான் யார் உங்களுக்கு? சொல்லுங்க, நான் யார்? குடுங்க அந்தத் துண்டை.

— ஆர்டிஸ், அதை விடு. இரு, நானே...

— விடுங்க. இதனாலதானே என் வாழ்க்கை போச்சு, இதோட மூஞ்சியைப் பார்க்கிறேன். கப்பு கழுவிக்கிட்டு இருந்ததால அன்னிக்குக் கூட நான் பார்க்கலை. பச்சைன்னு மட்டும்தான் புத்தகத்துல... ஓ.

— குடு அதை, திரும்பச் சுத்திடறேன்.

— இந்த விளிம்பு.

— ஆர்டிஸ்.

— இந்த உடைஞ்ச விளிம்பு. பால் கேனைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். மேசை மூலையில இருந்ததுல இடிச்சுட்டேன். எனக்கு எட்டு வயசு. அடிப்பான்னு பயந்து களஞ்சியத்துல ஒளிஞ்சுக்கிட்டேன். அவ வந்து, 'ஒரு பல்லு போனா என்ன, கிழவி இன்னும் நல்லாத்தான் இருக்கா'ன்னு சட்டியைத் தடவிக் குடுத்துட்டுச் சிரிச்சா.

— மன்னிச்சுடு. நீ பார்க்கக் கூடாதுன்னுதான் துண்டுல சுத்தி... மேடைக்கு மட்டும்...

— இது எங்க அம்மா சட்டி.

— ஆமா.

— லுவெல்லா பிரூயட்டோட சட்டி.

— ஆமா, ஆர்டிஸ். இப்போ புரியுதா, ஏன் சொல்லலைன்னு? 'ஆர்டிஸ் இல்லை, அவ அம்மா'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? உனக்கு அப்பா இல்லை. அவங்க ஒருத்தங்கதான். அவங்க மேல நீ வெச்சிருந்த மரியாதையையாவது மிச்சம் வெப்போம்னு நினைச்சேன்.

— எங்க அம்மாவும் உங்க அப்பாவுமா? அந்தப் புத்தகத்துல இருக்கிறதெல்லாம் எங்க அம்மாவா? வாயை அலம்பிட்டு வாடி முதல்ல!

— திட்டு. எவ்வளவு வேணாலும் திட்டு. 'டி'ன்னு கூப்பிட்டுட்டே, அதுவே போதும்.

— நீ சும்மா இரு. காணாம போன பச்சைச் சட்டி எங்கேம்மான்னு நான் கேட்டப்போ, உடைஞ்சு போச்சுன்னா. கண்ணைப் பார்க்காம சொன்னா. எங்க அம்மா பொய் சொன்னதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

— பார்த்தியா.

— 'பார்த்தியா'ன்னு சொல்லாதே! நான் டாக்டர். மாட்டுக்காரன் வந்து 'விஷம் வெச்சுட்டாங்க'ம்பான். வயித்தைத் தடவினா வெறும் உப்புசமா இருக்கும். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லு. நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே. எழுதினதைச் சொல்லவே சொல்லாதே. சட்டியை எங்க அம்மா கொண்டு வந்ததைப் பார்த்தியா?

— பார்த்தேன். நீ அப்போ மாடியில எனக்குப் படுக்கையை விரிச்சுக்கிட்டு இருந்தே. தண்ணி குடிக்கக் கீழே வந்தேன். பின்வாசல்ல நின்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து, சட்டியை மேசை மேல வெச்சுட்டு, அப்பா இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்து அழுதாங்க. எங்க அம்மா கூட அப்படி அழலை. ஏதாவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். விறுவிறுன்னு போயிட்டாங்க.

— பேர் ஒட்டலை.

— ஒட்டலை. அதுதான் என்னை உலுக்கிடுச்சு. வேற எந்த வீட்டுக்கு அவங்க சட்டி போனாலும் பேர் இருக்கும். நானே பார்த்திருக்கேன். முத்து முத்தா, சாய்ச்சு எழுதின எழுத்து, 'எல்'லுக்கு ஒரு சுழி போட்டு. எங்க வீட்டுக்கு வந்ததுல மட்டும் ஏன் இல்லை? ஒளிக்க ஏதோ இருந்ததாலதானே?

— சுழி போட்டு.

— ஆமா. ஏன் அப்படிப் பார்க்கிறே?

— மேல சொல்லு. வியாழக்கிழமை. அதை நீ கண்ணால பார்த்தியா, காதால கேட்டியா?

— பார்த்தேன். அப்பா போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. பத்திரப் பதிவு ஆபீஸுக்குப் பின்னாடி அந்தச் சின்ன அறை இருக்கே, அதோட ஜன்னல் வழியா. அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். மேசைக்கு இந்தப் பக்கம் உங்க அம்மா. பின்னாடி, தோள் மேல சாஞ்ச மாதிரி எங்க அப்பா. மேசை மேல அவங்க வலது கை. அது மேல அவர் கை. அப்படியே மூடிப் பிடிச்சிருந்தார். ரெண்டு பேரும் கதவு திறந்தா கூடக் கேட்காத மாதிரி மூழ்கிப் போயிருந்தாங்க. உங்க அம்மா நாக்கு நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இருந்தாங்க, சின்னப் பொண்ணு மாதிரி. சாப்பாட்டை ஆத்துல கொட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

— அந்தக் காட்சிதான் புத்தகத்துல வருது.

— அதேதான். டுவைட்டோட தாத்தா படிச்சது. கோர்ட்ல படிச்சது. கல்லூரியில இன்னிக்கும் படிக்கிறது.

— மேசை மேல கை மட்டும்தான் இருந்ததா?

— என்ன கேட்கிறே?

— புத்தகத்துல இருக்கிறதைக் கேட்கலை. ஜன்னல்ல நீ பார்த்ததைக் கேட்கிறேன். கைக்குக் கீழே என்ன இருந்தது?

— ஏதோ காகிதம். ஆபீஸ்தானே.

— கைக்குள்ளே?

— கைக்குள்ளே... பென்சில் இருந்தது. தடியா ஒரு மஞ்சள் பென்சில். முதல் பிரதியில எழுதியிருந்தேன் அதை. பதிப்பாசிரியர் பக்கத்து ஓரத்துல குறிச்சு அனுப்பினார், 'காதல் காட்சியில பென்சில் எதுக்கு?'ன்னு. சரின்னு பட்டது. அடிச்சுட்டேன்.

— அடிச்சுட்டே.

— காட்சிக்குத் தேவைப்படலை. ஆர்டிஸ், என்ன ஆச்சு? ஏன் உட்கார்ந்துட்டே? தண்ணி குடிக்கிறியா?

— வின்னி, அந்த ஷாப்பிங் பட்டியல் எழுதுற பேனாவை எடு. ஆமா, அதான். இங்கே பாரு, இந்தக் காகிதத்துல எழுதறேன். லுவெல்லா பிரூயட். பார்த்தியா?

— இது... 'எல்'லுக்குச் சுழி.

— எங்க அம்மாவோட ஒவ்வொரு சட்டிக்கும் இந்தச் சுழியைப் போட்டது நான்தான். ஏழு வயசுலேர்ந்து. பட்டணத்து அனாதைப் பிள்ளைங்களைப் பண்ணைகளுக்குக் குடுக்க விட்ட ரயில்ல அவளைக் கொண்டுவந்து இந்த ஊர்ப் பண்ணையில இறக்கிவிட்டப்போ அவளுக்கு ஒன்பது வயசு. எடுத்து வளர்த்தவன் கோழிக்கூண்டு கழுவச் சொன்னான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை. அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. இந்த ஊர்ல அது யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. பாட்டுப் புத்தகத்தைக் கூடச் சர்ச்சுல சரியான பக்கத்துல திறந்து குடுப்பேன், யாருக்கும் தெரியாம.

— ஆர்டிஸ்... அப்போ அன்னிக்கு...

— அன்னிக்கு எழுதிக் குடுக்க ஆள் இல்லை. நான் உன் கட்டில்ல, உன் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

— ஐயோ.

— சர்ச்சுல உங்க அம்மா தூக்கிப் பிடிச்சுக் கேட்டப்போ, என்னோடதுன்னு அவ எப்படிச் சொல்லுவா? 'ஏன் பேர் எழுதலை'ன்னு அடுத்த கேள்வி வருமே. சட்டி போனா போகட்டும்னு இருந்துட்டா. புத்தகம் வந்து, லைலோட அம்மா வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, 'அப்படி என்னதான் எழுதியிருக்கா உன் சிநேகிதி, படிச்சுக் காட்டு'ன்னு கேட்டா. முடியாதுன்னு கத்தினேன். படிச்சுக் காட்டியிருந்தா அவளே சொல்லியிருப்பாடி. ஊரைக் கூட்டி வெச்சு, எழுதத் தெரியாதுன்னு சொல்லியிருப்பா. எனக்காகச் சொல்லியிருப்பா.

— அழாதே. ஆர்டிஸ், அழாதேடி. நான்... எங்க அப்பாவை நான்... அந்த வியாழக்கிழமை... நிச்சயமா தெரியுமா உனக்கு? எனக்காகச் சொல்றியா?

— அவளைப் பென்சில் பிடிக்க வெச்சது உங்க அப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. எங்க அப்பா செத்ததும் நிலத்தை அவ பேருக்கு மாத்த அந்த ஆபீஸுக்குப் போனாள்னு தெரியும். கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி போட்டாள்னு தெரியும். மிச்சம் தெரியாது. ஆனா கடைசியா ஆஸ்பத்திரியில ஒரு காகிதம் நீட்டினாங்க. வழக்கம் போல நான் கையை நீட்டினேன். அவ பேனாவை என்கிட்டேர்ந்து பிடுங்கிக்கிட்டா. நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதினா. 'லுவெ'. அவ்வளவுதான். அதோட நிறுத்திட்டா.

— டாக்டரம்மா! ஸ்ட்ராண்ட் அம்மா! வண்டி வாசல்ல நிக்குது! பேண்டு ஆரம்பிச்சாச்சு!

— வர்றோம் டுவைட்! நில்லு அங்கேயே! சொல்லு ஆர்டிஸ். அப்புறம்?

— 'எப்போம்மா கத்துக்கிட்டே? ஏன் பாதியில நிறுத்திட்டே?'ன்னு கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரிச்சா.

— என்ன சொன்னாங்க?

— 'அவ்வளவுதான் வரும். பாதியிலேயே வாத்தியார் செத்துட்டார்'னா.